கல்யாணியின் நாற்காலி

(2024 மார்ச் மாதம், நெல்லைச் சீமைச் சிற்றூர் ஒன்றின் கிளை நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மகளிர் நாளையொட்டி ஏதாவது பேச வேண்டும் என்று நூலகர் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று நான் யோசிக்கவே இல்லை. போன மாதம் 15ஆம் தேதி அமிர்தசரஸ் நகரில் கவிதா சவுத்ரி காலமானார். அவருக்கு வயது 67. செய்தியைக் கைப்பேசியில் பார்த்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். கையில் ஒரு பட்டா மாறுதல் கோப்பு. கொஞ்ச நேரம் அடுத்த தாளைப் புரட்ட முடியவில்லை. பக்கத்து மேசைத் தம்பி, "யாரு மேடம், சொந்தமா?" என்று கேட்டான். ஆமாம் என்றுதான் சொன்னேன்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவிகளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. நடுவயதுக்காரர்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். 1980களில் சர்ஃப் விளம்பரத்தில் சேலை கட்டிக்கொண்டு, கண்டிப்பான குரலில், காசுக்குக் கணக்குப் பார்த்துப் பேசும் ஓர் அம்மா வருவாரே, லலிதாஜி, அவர்தான். அந்த விளம்பரத்தை உருவாக்கிய அலிக் பதம்சீ, பேரம் பேசும் தன் தாயாரை மனதில் வைத்தே லலிதாஜியைப் படைத்ததாகச் சொல்லியிருக்கிறார். ஊரெல்லாம் அவரை லலிதாஜியாகத்தான் நினைவு வைத்திருக்கிறது. எனக்கு அவர் கல்யாணி.

'உடான்' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர். இந்தியில் உடான் என்றால் பறத்தல். தூர்தர்ஷனில் 1989இல் தொடங்கி 1991 வரை வந்தது. கல்யாணி சிங் என்ற பெண் படித்து, தேர்வு எழுதி, இந்தியக் காவல் பணி அதிகாரி ஆகிற கதை. அந்தக் கதையை எழுதியவர் கவிதா சவுத்ரி. இயக்கியவர் அவர். கல்யாணியாக நடித்தவரும் அவர். இந்த மூன்றையும் ஒரே பெண் செய்தார் என்பது அப்போது பத்து வயதுச் சிறுமியான எனக்குத் தெரியாது. இந்தி எழுத்தில் ஓடிய பெயர்ப் பட்டியலில் ஓர் எழுத்தைக்கூட எனக்கு வாசிக்க வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அக்கா நிற்கிற விதம், நடக்கிற விதம், எல்லாவற்றுக்கும் மேலாக அவள் நாற்காலியில் உட்கார்கிற விதம். இன்று நான் பேச வந்தது அந்த நாற்காலியைப் பற்றித்தான்.

அதற்கு முதலில் உங்களை ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது ஒரே வீட்டில். பட்டாளத்து வீடு என்பார்கள். தாத்தா ஜபல்பூர், அம்பாலா என்று இருபது வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கறுப்பு வெள்ளைப் பெட்டி, முன்பக்கம் இருபுறமும் இழுத்து மூடுகிற மரக் கதவு, கதவுக்குப் பூட்டு. மொட்டை மாடியில் மூங்கில் கம்பு உயரத்துக்கு ஆண்டெனா. அதை ஒரு பக்கம் திருப்பினால் கொடைக்கானல் கோபுரத்து ஒளிபரப்பு தெரியும். இன்னொரு பக்கம் திருப்பினால் இலங்கை ரூபவாகினி, மழை பெய்கிற மாதிரிப் புள்ளிகளுக்கு நடுவே. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை சினிமா. அந்த இரண்டு நாளும் கூடம் நிரம்பி, திண்ணை நிரம்பி, சன்னல் கம்பிகளில் எல்லாம் முகங்கள் இருக்கும்.

கூடத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். நடுவில் தாத்தாவின் சாய்வு நாற்காலி. அவருக்கு இருபுறமும் ஒயர் பின்னிய இரண்டு இரும்பு நாற்காலிகள். அவை வருகிற ஆண்களுக்கு. ஆண் யாரும் வராத நாளிலும் அந்த ஒயர் நாற்காலிகள் சும்மாத்தான் கிடக்கும். பிள்ளைகள் தரையில். பெண்கள் சுவரோரம், முதுகைச் சுவருக்குக் கொடுத்து, காலை மடக்கி. வீட்டு ஆச்சி மட்டும் அடுக்களை நிலைப்படியில். பாதி உடம்பு கூடத்தில், பாதி உடம்பு அடுப்புப் பக்கம். என் அம்மா உட்காரவே மாட்டார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றபடியே பார்ப்பார். எந்த நிமிடமும் கிளம்பத் தயாராக இருப்பவர் மாதிரி. அப்பா வருகிற பஸ் சத்தம் கேட்டால் காட்சி பாதியில் இருந்தாலும் போய்விடுவார்.

இந்தி நிகழ்ச்சி ஆரம்பித்ததும் கூட்டம் கலைந்துவிடும். ராமாயணம், மகாபாரதம் வேறு சங்கதி. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், மொழி தேவைப்படவில்லை. மற்ற தொடர்களுக்கு யாரும் இருக்கமாட்டார்கள். 'உடான்' அன்று மட்டும் ஏழெட்டுப் பேர் எழுந்து போகவில்லை. எல்லோரும் பெண்களும் பெண் பிள்ளைகளும். முதல் நாள் ஏன் இருந்தோம் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. திரையில் ஒரு பெண் இருந்தாள், அவள் அழவில்லை, அது ஒன்று மட்டும் நினைவிருக்கிறது.

எங்களுக்கு இந்தி தெரியாது. தாத்தாவுக்குத் தெரியும். அவர் மொழிபெயர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

அந்த மொழிபெயர்ப்பை நான் எப்படி விவரிப்பது? ஐந்து நிமிடக் காட்சி ஓடும். தாத்தா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருப்பார். முடிந்ததும் ஒரு வரி சொல்வார்: "தகப்பன் மக பக்கம் நிக்கான்." அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரிக்கு அந்தக் கூடத்தில் எவ்வளவு கனம் இருந்தது தெரியுமா? சுவரோரம் இருந்த ஒவ்வொரு பெண்ணும் அதை வாங்கி மனதுக்குள் வைத்துக்கொண்டார்கள். கல்யாணியின் தகப்பனாராக நடித்தவர் மராத்தி நாடக உலகின் பெரிய நடிகர் விக்ரம் கோகலே. மகளை மகனுக்குக் குறைந்தவளாக எண்ணாத தகப்பன். தாத்தாவுக்கு மூன்று மகள்கள். மூன்று பேரையும் எட்டாம் வகுப்போடு நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார். தகப்பனும் மகளும் பேசும் காட்சிகளில் அவருடைய குரல் கொஞ்சம் தாழ்ந்து வரும். அதைச் சின்ன வயதிலேயே நான் கவனித்திருக்கிறேன். காரணம் பின்னால்தான் புரிந்தது.

கல்யாணியோடு வேலை பார்க்கிற மாவட்ட ஆட்சியரின் பெயர் ஹரிஷ் மேனன். நடித்தவர் சேகர் கபூர். அதற்கு முன்பே 'மாசூம்', 'மிஸ்டர் இந்தியா' படங்களை இயக்கிவிட்டவர். மேனன் என்ற பெயரைக் கேட்டதும் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்து, "மேனன்னா நம்ம பக்கத்து ஆளுல்லா!" என்றார். மலையைத் தாண்டினால் கேரளம் என்பதால் அந்த உரிமை. அந்த ஆட்சியர் கல்யாணியைச் சக அதிகாரியாக நடத்துவார். இரண்டு பேரும் ஒரு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து வேலையைப் பற்றிப் பேசுவார்கள். ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து, வெட்கமும் இல்லாமல் சண்டையும் இல்லாமல், ஒரு வேலையைப் பற்றிப் பேசுவதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. சினிமாவிலும் பார்த்ததில்லை, தெருவிலும் பார்த்ததில்லை.

தாத்தா சில இடங்களைச் சொல்லாமல் விட்டுவிடுவார். கல்யாணி மேலதிகாரியிடம் மறுத்துப் பேசுகிற இடம் வந்தால், "பெரிய ஆபீசர்கிட்ட ஏதோ கேக்கா" என்று முடித்துக்கொள்வார். ராணுவத்தில் இருந்தவருக்கு அது ஒப்பவில்லை. இன்னொன்றும் விடுவார். கல்யாணியின் தாயார் பேசுகிற இடங்கள். அம்மாவாக நடித்தவர் உத்தரா பாவ்கர், அவரும் பெரிய நாடக நடிகை. அவர் மகளைப் பார்த்து ஏதோ சொல்வார்; முகத்தில் ஏதேதோ வந்து போகும். ஆச்சி நிலைப்படியில் இருந்து, "என்ன சொல்லுதா?" என்று கேட்பார். தாத்தா கையை ஆட்டி, "அது ஒண்ணுமில்ல. வீட்டுப் பேச்சு" என்பார். கோர்ட்டு, வழக்கு, தேர்வு, உத்தரவு எல்லாவற்றையும் மொழிபெயர்த்தவர் அதை மட்டும் பெயர்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த மனிதர் இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணியே இல்லை. ஆனால் அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். அவர்களுக்கு அதிகமாகத் தேவைப்பட்ட பேச்சு அதுவாகவும் இருந்திருக்கலாம்.

இனி நாற்காலிக்கு வருகிறேன். கல்யாணி சீருடை போட்டு முதல் முறை தன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த காட்சி என் கண்ணில் இன்னும் நிற்கிறது. நாற்காலியின் நுனியில் உட்காரவில்லை. முதுகு நன்றாகச் சாய்ந்திருந்தது. கைகள் இரண்டும் மேசைமேல் இருந்தன, மடியில் ஒளிந்துகொள்ளவில்லை. எதிரே ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் எல்லாம் புரிந்தது. அடுத்த நாள் பட்டாளத்து வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, காலியாகக் கிடந்த ஒயர் நாற்காலியில் நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. ஒயர் தொடையில் பின்னல் பின்னலாகப் பதிந்தது. உள்ளிருந்து ஆச்சி எட்டிப் பார்த்தார். இறங்கச் சொல்வார் என்று பாதி எழுந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், கொஞ்சம் பொரிகடலை கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதே காலத்தில்தான் இன்னொரு பெண் காவல் அதிகாரியும் நம்மைத் தேடி வந்தார். 1990இல் தெலுங்கில் வெளியான 'கர்த்தவ்யம்' தமிழில் 'வைஜயந்தி ஐ.பி.எஸ்.' என்று வந்து சக்கைப்போடு போட்டது. விஜயசாந்திக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருதே கிடைத்தது. டவுன் தியேட்டரில் அப்பா கூட்டிப்போய் நானும் பார்த்தேன். கைதட்டினேன், விசில் அடிக்கத் தெரிந்திருந்தால் அடித்திருப்பேன். வைஜயந்தி பத்துப் பேரைப் பந்தாடுவார். அந்தப் படத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எத்தனையோ பெண்களுக்கு அது தெம்பு கொடுத்தது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால், வைஜயந்தி மாதிரி நான் ஆக முடியாது என்று தெரிந்தது. எனக்கு அவ்வளவு உயரமும் இல்லை, உதைக்கவும் வராது. கல்யாணியை நினைத்தால் அவள் கை ஓங்கிய காட்சி ஒன்றும் எனக்கு நினைவில் வருவதில்லை. அவள் படித்தாள். தேர்வு எழுதினாள். பயிற்சியில் ஓடினாள், மூச்சு வாங்கினாள். பிறகு ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, தாளைப் படித்து, முடியாது என்பதை முடியாது என்றும் முடியும் என்பதை முடியும் என்றும் சொன்னாள். இதை நானும் செய்யலாம் என்று தோன்றியது. ஒரு பிள்ளைக்கு அதைவிடப் பெரிய சொத்து வேறென்ன?

என் அப்பா பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டை. ஒரு நாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அந்தச் சட்டையை எடுத்துப் பாவாடைக்கு மேல் போட்டுக்கொண்டு, பேட்ஜையும் குத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்றேன். சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கை விரல் வெளியே தெரியவில்லை. அப்பா வாசலில் நிற்பதைக் கண்ணாடியில்தான் பார்த்தேன். டூட்டி சட்டையைத் தொட்டால் அவருக்குக் கோபம் வரும். நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டார். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு; விரல் தெரிகிற வரை. அடுத்த கையையும் அப்படியே. பிறகு பேட்ஜ் கோணலாக இருந்ததை நேராக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் 'உடான்' பார்த்ததில்லை. அந்த நேரம் அவர் எப்போதும் கடைசி டிரிப்பில் இருப்பார்.

இனி கல்யாணி யார் என்று சொல்கிறேன். நான் வளர்ந்து, வேலைக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டது இது. கல்யாணி ஒரு கற்பனைப் பெண் இல்லை. அவள் கவிதா சவுத்ரியின் சொந்த அக்கா. பெயர் காஞ்சன் சவுத்ரி பட்டாச்சார்யா. அமிர்தசரஸிலும் டெல்லியிலும் வளர்ந்தவர், ஆங்கில இலக்கியம் படித்தவர். சொத்துத் தகராறு ஒன்றில் அவர்களுடைய தகப்பனார் தாக்கப்பட்டார். காவல் துறை வழக்குப் பதியத் தயங்கியது. புகாரோடு போய் நின்ற குடும்பத்துக்கு ஏற்பட்ட அந்த அவமானம்தான் அக்காவைக் காவல் பணிக்குத் தள்ளியது. 1973இல் சேர்ந்தார். 1972இல் சேர்ந்த கிரண் பேடிக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெண் ஐ.பி.எஸ். அதிகாரி. 2004இல் உத்தராகண்ட் மாநிலத்தின் டி.ஜி.பி. ஆனார். இந்தியாவில் ஒரு மாநிலக் காவல் துறைக்குத் தலைவரான முதல் பெண் அவர்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அக்கா டி.ஜி.பி. ஆனது 2004இல். தங்கை தொடரை எடுத்தது 1989இல். அக்கா புகழ்பெற்ற பிறகு எடுத்த வெற்றிக் கதை இல்லை அது. அக்கா உத்தரப் பிரதேசத்தில் வேலையின் நடுவில் இருக்கும்போதே, இந்தக் கதை எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாதபோதே, தங்கை அதைச் சொல்லிவிட்டாள். தங்கைக்கு அக்காவின் சீருடைக்குப் பின்னால் இருந்த வீடு தெரியும். அந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள், யார் வாயை மூடிக்கொண்டார்கள், யார் எப்போது தேம்பினார்கள் என்பது தெரியும். 'உடான்' காவல் நிலையத்தில் தொடங்காமல் வீட்டில் தொடங்கியதற்குக் காரணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற ஒரு நடிகை தன் அக்காவின் நடையைத் தானே நடந்து பார்த்திருக்கிறாள். அந்த உட்காரும் விதம் எனக்கு அப்படிப் பதிந்ததில் வியப்பில்லை. அது தினம் பார்த்து வளர்ந்த ஓர் உடம்பின் பழக்கம்.

நம் பக்கத்திலும் இந்தக் கதை உண்டு. மாணவிகள் குறித்துக்கொள்ள வேண்டிய பெயர் ஒன்று: அன்னா ராஜம். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1951ஆம் ஆண்டு அணி. கேரளத்தில் பிறந்தவர், சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவர். அவரைக் களப்பணிக்கு அனுப்ப முதலமைச்சர் ராஜாஜிக்கே தயக்கம். தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தரலாம் என்றார். அன்னா ராஜம் வாதாடினார். குதிரை ஏற்றமும் துப்பாக்கி சுடுதலும் கற்றவர், ஆண் அதிகாரிகளுக்குத் தான் எதில் குறைவு என்று கேட்டார். பிறகு ஓசூரில் சப் கலெக்டராக இருந்தபோது, ஊருக்குள் புகுந்த யானைகளைச் சுடாமல் காட்டுக்குத் திருப்பி அனுப்பினார். இத்தனைக்கும் அவருடைய பணி ஆணையில் ஒரு வரி இருந்தது: திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும். அப்படித்தான் அந்தக் காலத்து விதி. வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா இதே போன்ற விதிகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்; 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். நாற்காலி என்று நான் சொல்வது மரச் சாமான் இல்லை என்பது இப்போது உங்களுக்குப் புரியும். அதில் உட்கார ஒரு பெண் எதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்று அரசாங்கமே தாளில் எழுதிக் கொடுத்த காலம் அது.

காஞ்சன் சவுத்ரி பணியில் சேர்ந்த அதே 1973இல்தான் தமிழ்நாட்டில் காவல் துறையில் பெண்களைச் சேர்த்தார்கள். ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். மொத்தம் 22 பேர். 1976இல் திலகவதி தமிழ்நாட்டிலிருந்து ஐ.பி.எஸ். தேர்ச்சி பெற்ற முதல் பெண் ஆனார். அவரே 'கல்மரம்' நாவலுக்காக 2005இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளர், அவர் புத்தகங்கள் இந்த நூலகத்தில் இருக்கும், எடுத்துப் படியுங்கள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. 'உடான்' முடிந்து ஒரு வருடம்.

நான் காவல் துறைக்குப் போகவில்லை. குரூப் தேர்வு எழுதி வருவாய்த் துறையில் சேர்ந்து, இப்போது துணை வட்டாட்சியர். என் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. மனு கொண்டுவருகிற ஆண்களில் பாதிப் பேர் நான் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிடுவார்கள். பெண்கள் உட்காரமாட்டார்கள். வாரிசுச் சான்றுக்கு வருவார்கள், உதவித்தொகைக்கு வருவார்கள், கையில் மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ரேஷன் கார்டும் இறப்புச் சான்றும். உட்காருங்கம்மா என்றால், "இருக்கட்டும் தாயி, நின்னுக்கிடுதேன்" என்பார்கள். முதலில் அதை மரியாதை என்று நினைத்தேன். அது என் அம்மா தூணோரம் நின்ற நிலைதான் என்று புரியச் சில வருடம் ஆனது. எந்த நிமிடமும் கிளம்பச் சொல்வார்கள் என்று உடம்பு முன்கூட்டியே தயாராக இருக்கிறது. இப்போது நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அவர்கள் உட்காரும் வரை மனுவைக் கையில் வாங்குவதில்லை. அவசரமே இல்லை என்கிற மாதிரி காத்திருப்பேன். கடைசியில் உட்காருவார்கள், நாற்காலியின் நுனியில். பேச்சு நீளும்போது, தன்னை அறியாமல் முதுகு பின்னால் சாயும். அந்த நேரத்தில்தான் உண்மையான விஷயம் வெளியே வரும். கொழுந்தன் கையெழுத்துப் போடவிடாமல் தடுப்பது, பத்திரம் யார் பெட்டியில் இருக்கிறது என்பது எல்லாம்.

இந்த வழக்கத்தை எந்தப் பயிற்சி மையத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பட்டாளத்து வீட்டுக் கூடத்தில் புரியாத மொழியில் கற்றுக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. 2020இல் பொதுமுடக்கம் வந்தபோது தூர்தர்ஷன் பழைய தொடர்களைத் தூசி தட்டி மறுபடி ஒளிபரப்பியது. 'உடான்' வந்தது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். பட்டாளத்துத் தாத்தாவும் ஆச்சியும் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அம்மா என்னோடு இருக்கிறார். எழுபது வயதில் முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாது. தொலைக்காட்சிக்கு நேர் எதிரே, கை வைத்த நாற்காலியில்தான் இருப்பார். நான் இடையில் இந்திப் பிரச்சார சபாவின் தேர்வுகளை ராஷ்டிரபாஷா வரை முடித்திருந்தேன். ஆகவே இந்தத் தடவை மொழிபெயர்ப்பாளர் நான்.

தாத்தா ஒரு வரியில் சொன்னதையெல்லாம் நான் விரித்துச் சொன்னேன். மேலதிகாரிக்குக் கல்யாணி சொன்ன பதில்களைச் சொன்னேன்; அம்மா, "அப்படியா பேசினா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, தாயாரும் மகளும் தனியாகப் பேசுகிற ஒரு காட்சி வந்தது. நான் மெதுவாக, ஒவ்வொரு பேச்சாக, அந்தத் தாயார் என்ன சொல்கிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரையில் உத்தரா பாவ்கரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காட்சி முடிந்தது.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

தொலைக்காட்சியில் ஓடுவதைத் திருப்ப முடியாது. அடுத்த நாள் அதே காட்சியைக் கைப்பேசியில் தேடிப் பிடித்து, அவர் கையில் கொடுத்து, நிறுத்தி நிறுத்தி மறுபடி சொன்னேன். அம்மா கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்:

"இதையெல்லாமா அந்த மாமா வீட்டுப் பேச்சுன்னு சொன்னாரு?"